ஒண்ணாப்புக்கு என்ட்ரோபி

இந்தச் செவப்பு நாற்காலி ஆறு வயசுப் பிள்ளைக்குள்ளது, முப்பத்தெட்டு வயசுப் பொம்பளைய இதுல உக்காரச் சொல்லிட்டு சாந்தாமணி டீச்சர் வகுப்புக்குள்ள போயிட்டாவ, முட்டு ரெண்டும் தாடையில வந்து இடிக்கி, எந்திரிச்சா நாற்காலியும் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்துருமோன்னு வேற பயமாருக்கு. மடியில ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதுல கீழ்ப்பாதி துவரம்பருப்பு, மேல்பாதி கருப்பு உளுந்து, நடுவுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்புல நிக்கி. இதக் குலுங்காம கொண்டு வாரதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஆட்டோக்காரர்ட்ட "அண்ணே, பள்ளத்துல மெல்லப் போங்க"ன்னு நாலு தடவ சொன்னேன், அவரு கண்ணாடியில என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பாத்துட்டு, "ஏனுங், மருந்துங்களா?"ங்காரு. பருப்புங்கன்னு சொன்னதும் பொறவு ஒரு வார்த்த பேசல. பேசாட்டிப் போறாரு. எனக்கு இப்ப இருபது நிமிசம் இருக்கு. இருபது நிமிசத்துல ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு என்ட்ரோபி. பதினோரு வருசமா பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் பயலுவளுக்கு வெப்பவியல் எடுக்கவ, பிரின்சிபால் முன்னாடியே கால்மேல கால் போட்டு உக்காருதவ, இங்கன வாய்க்குள்ள எச்சி வத்திப்போய் உக்காந்திருக்கேன். பயம் இந்தப் பிள்ளைகளப் பாத்து இல்ல. உள்ள கடைசி பெஞ்சுல சன்னலோரம் ஒருத்தி இருக்காளே, எம் மக இசக்கி, அவளப் பாத்துத்தான். காலையில ரிப்பன் கட்டும்போது கண்ணாடிய விட்டு முகத்த எடுக்காமலே சொல்லுதா, "எம்மா, ஒண்ணே ஒண்ணுதான். போரடிச்சுராத." சரிட்டி, போரடிக்க மாட்டேன், நல்லாப் பேசுனா என்ன தருவங்கேன். ஒரு நிமிசம் யோசிச்சா. "நீ நல்லாப் பேசுனா யாராச்சும் எம் பக்கத்துல வந்து உக்காருவா." அவ்வளவுதான், அதுக்கப்புறம் பல்லுல ரிப்பனக் கடிச்சுக்கிட்டு நின்னா.

கணக்கு ரொம்ப லேசு, அதான் எரிச்சலே. இந்த வகுப்புல இருபத்தெட்டுப் பிள்ளைக இருந்துச்சு, ரெண்டு பேர் உக்காருற பெஞ்சு பதினாலு, எல்லாம் சோடி சோடியா ஜூன் மாசமே உக்காந்தாச்சு. எனக்கு நாகர்கோவில்லருந்து கோபிச்செட்டிபாளையத்துக்கு மாத்தல் வந்தது ஜூலையில. பெட்டி கட்டி, வீடு பிடிச்சு, இவளக் கொண்டாந்து சேக்கும்போது இவ இருபத்தொம்பதாவது. பதினஞ்சாவது பெஞ்ச ஸ்டோர் ரூம்லருந்து தூக்கிட்டு வந்து பின்னால போட்டாவ. ஒத்தப்படை. யாரு மேலயும் தப்புச் சொல்ல முடியாது, யாரையும் போய்ச் சத்தம் போடவும் முடியாது, சத்தம் போட வழியில்லாத காரியம்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பெஞ்சுல பாதி இடம் சும்மா கெடக்கு. "அங்கன யாருட்டி உக்காந்திருக்கா?"ன்னு மொத வாரம் கேட்டேன். "பை உக்காந்திருக்கு"ன்னா. ரெண்டாவது வாரம் கேட்டேன், "பைக்கும் எனக்கும் சண்ட"ன்னா. நான் சிரிச்சுட்டு அடுக்களைக்குள்ள போயி குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதேன். போதாக்குறைக்கு அவ பேச்சு. மொத நாளு டீச்சர் பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் "இந்தா வாரேம்லா"ன்னுருக்கா, வகுப்பே சிரிச்சுருச்சு, அன்னையிலருந்து அவளக் கண்டா "வாரேம்லா வாரேம்லா"ங்குதுக. கெட்ட பிள்ளைக இல்ல, சின்னதுக, புதுச் சத்தம் கேட்டா சொல்லிப் பாக்கும். இவ அதுக்கப்புறம் வகுப்புல வாயத் தொறக்கதே இல்ல. வீட்டுல வந்து மொத்தத்தையும் சேத்து எங்கிட்ட கொட்டுவா, காது வலிக்கும். பேசட்டும், பேசட்டும். ஆனா நான் ஒருத்தி போதுமா ஒரு பிள்ளைக்கு?

போன வெள்ளிக்கிழமை சஷ்மிதாங்கிற பிள்ளையோட அப்பா வந்திருந்தாரு. தீயணைப்பு நிலையத்துல வேலை. தலைக்கவசம், பூட்ஸு, ஒரு நீளக் குழாய் எல்லாத்தோடயும் வந்து மைதானத்துல தண்ணிய வேற பீய்ச்சிக் காட்டிட்டாரு மனுசன். அன்னைக்கு மத்தியானம் சஷ்மிதா பக்கத்துல உக்காந்து சாப்புட ஒம்பது பேரு அடிபுடியாம். இசக்கி எண்ணிக்கிட்டு வந்து சொல்லுதா. இந்தப் பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை தோறும் ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து தான் பாக்குற வேலையப் பத்திச் சொல்லணும், அது ஒரு வழக்கம். இனி இசக்கி முறை. அவ அப்பா தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாவ, அவியளக் கூப்பிட்டா எவ்வளவு நல்லாருக்கும், லீவு கெடைக்கல. போன்ல சிரிக்காவ. "ஏ பேச்சி, சின்னப் பிள்ளைகள்ட்ட போயி என்ட்ரோபியாட்டி? கதை ஏதாச்சும் சொல்லிட்டு வா." எனக்குக் கதை சொல்ல வராது அத்தான், எனக்குத் தெரிஞ்சது வெப்பவியல்ல உள்ள நாலு விதி, அதுலயும் ரெண்டாவது விதிதான் எனக்கு உசுரு. ஒவ்வொரு வருசமும் அந்தப் பாடம் வரும்போது மட்டும் நான் சேலை மாத்திக் கட்டிக்கிட்டுப் போவேன்னு பயலுவ கண்டுபிடிச்சு வச்சிருக்கானுவ. எனக்கு அவனுவ வச்சிருக்க பேரு பாய்லர் மேடம். நேர்ல சொல்ல மாட்டானுவ, ஆனா போர்டுக்குப் பின்னால எழுதி வச்சிருந்தத நானே பாத்தேன். கோவம் வந்துச்சு, அப்புறம் பாத்தா எழுத்துப்பிழை இல்லாம எழுதிருக்கான், சரி போட்டும்னு விட்டுட்டேன். ஆக நான் தயார் பண்ணுனது பதினாறு பக்கம். அடைபட்ட அமைப்பு, மீளாச் செயல், நுண்ணிலைகள்... நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் இசக்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன். மூணாவது பக்கத்துல தூங்கிட்டா. உக்காந்தபடியே. அப்பதான் பதினாறு பக்கத்தையும் மடக்கி வச்சுட்டு பருப்பு டப்பாவத் தொறந்தேன்.

டீச்சர் கூப்பிடுதாவ. "வாங் மேடம், குழந்தைங்க ரெடிங்." நாற்காலி ஒட்டல, தப்பிச்சேன். உள்ள போனா ஒரு வாடை, புளிச்சோறு, பென்சில் சீவுன தூளு, எண்ணெய் தேச்ச தலை எல்லாம் சேந்த வாடை. இருபத்தொம்பது முகம் ஒரே நேரத்துல என்னப் பாக்கு. பாலிடெக்னிக்ல இப்படி யாரும் பாக்க மாட்டானுவ, அங்க அறுபது பேருல நாலு பேரு பாப்பான், அதுல ரெண்டு பேரு எனக்குப் பின்னால உள்ள கடிகாரத்தப் பாப்பான். இசக்கி பெஞ்சு மேல கைய மடக்கி வச்சு, தாடைய அதுல வச்சு, கண்ண மட்டும் மேல தூக்கி இருக்கா. பக்கத்துல பை. நான் சிரிச்சேன், அவ சிரிக்கல, லேசாத் தலைய ஆட்டுனா, ஆரம்பிங்குத மாதிரி. நான் வாயத் தொறந்தேன், என்ன சொல்லணும்னு நெனச்சேனோ அது வரல, பதினோரு வருசப் பழக்கம் அதுவா வருது: "சரி, போன வகுப்புல எதுல நிறுத்துனோம்?" ஐயய்யோ. எனக்கே காதுல விழுந்து கூசுது. ஆனா முன் பெஞ்சுல ஒருத்தன், முன்பல் ரெண்டும் இல்லாதவன், துள்ளி எந்திரிச்சு, "தீயணைச்சுட்டமுங் மிஸ்! எல்லாம் அணைஞ்சு போச்சுங்!"ன்னான். பேரக் கேட்டேன், கவினேஷ். நல்லது கவினேஷ், நீ பொழச்சுக்குவ. அப்பம் இன்னைக்கு அடுத்த பாடம், நான் சூட்டப் பத்திப் பாடம் எடுக்குத டீச்சர், உலகத்துல எல்லா பொருளும் தானா விட்டா ஒழுங்குலருந்து ஒழுங்கின்மைக்குப் போவும், அந்த ஒழுங்கின்மைய அளக்குறதுக்குப் பேரு என்ட்ரோபின்னு போர்டுல எழுதுனேன், எழுதும்போதே முதுகுக்குப் பின்னால வகுப்பு அவுந்து போறது கேக்கு. பென்சில் ஒண்ணு உருளுது. "மிஸ் உங்க சேலையில மயில் இருக்குது." "எங்க வீட்டு எருமை கன்னு போட்டுச்சுங் மிஸ்." "மிஸ், இவன் என்னையக் கிள்றான்." நான் திரும்பி, இதுவும் பழக்கந்தான், "புரிஞ்சுதா?"ன்னேன்.

"புரியலீங் மிஸ்!"ன்னு இருபத்தெட்டுப் பேரும் ஒரே குரல்ல கத்துதுக, சந்தோசமா, ஏதோ பரிசு விழுந்தாப்புல. பதினோரு வருசம், எத்தன வகுப்பு, எத்தன பய, "புரிஞ்சுதால?"ன்னு கேட்டா "புரிஞ்சுது மேடம்"ன்னு கதவப் பாத்துக்கிட்டே சொல்லுவானுவ, பரிச்சைத் தாளத் திருத்தும்போதுதான் தெரியும் ஒரு மண்ணும் புரியலன்னு. எம் மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் இதுவரைக்கும் புரியலன்னு சொன்னதில்ல. ஏன் சொல்லல? பயந்துட்டானுவளா எனக்கு? பாய்லர்னா பயப்படத்தான் செய்வான். இந்த யோசனைய இப்ப எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கேன், நேரம் போவுது, ஏழு நிமிசம் போச்சு, கடைசி பெஞ்சப் பாக்கேன், இருபத்தெட்டுப் பேரு கத்தும்போது அவ ஒருத்தி மட்டும் கத்தல. பெஞ்சுல நெத்திய வச்சுப் படுத்துட்டா. ரிப்பன் மட்டும் தெரியுது. போச்சு. போரடிச்சாச்சு. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் கெடுத்துட்டேன், இனி அந்தப் பை அங்கேயே உக்காந்திருக்கும், ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்பு, பெரிய பிள்ளையாகி மைசூருக்கு டூர் போவும்போதும் பஸ்ல பக்கத்து சீட்டுல பைதான் உக்காந்திருக்கும்... சவத்தெளவு, இந்த மனசு ஒண்ணு, ஒரு நிமிசம் கெடச்சா மைசூர் வரைக்கும் போயிரும். பேச்சி, பாட்டில எடுட்டி.

பாட்டிலத் தூக்கிக் காட்டுனதும் சத்தம் கொஞ்சம் அடங்கிச்சு. கீழ என்ன? "பருப்பு!" மேல? "உளுந்து!" இப்பக் குலுக்குனா என்னாவும்? "கலந்துக்கும்!" குலுக்குனேன். சலசலசலன்னு அந்தச் சத்தம் அதுகளுக்கு எப்படிப் பிடிச்சுதுங்கீக, முன் பெஞ்சு மொத்தமும் எந்திரிச்சுருச்சு. மஞ்சளும் கருப்பும் எக்குத்தப்பாக் கலந்து போச்சு. சரி, இப்பத்தான் கேள்வி, இன்னும் குலுக்குனா மறுபடியும் பழையபடி பருப்பு கீழயும் உளுந்து மேலயும் தனித்தனியா வருமா? நான் என்ன நெனச்சேன்னா வராதும்பாவ, ஏன் வராதுன்னு நான் சொல்லலாம், கலஞ்சு கெடக்க கோடி வழி, அடுக்கி இருக்க ஒரே வழிதான்னு சொல்லி முடிச்சுரலாம்னு. எங்க பிள்ளைகளா, "வருமுங்!"ங்குதுக, எல்லாரும். எப்படிய்யா வரும்? "இன்னும் நல்லாக் குலுக்கோணுமுங் மிஸ், நீங்க மெதுவாக் குலுக்குறீங்க." கவினேஷ் எந்திரிச்சு வந்துட்டான், கையில வாங்கிக் குலுக்குறான், தலையும் சேந்து குலுங்குது. வரல. "அந்தப் பக்கமாக் குலுக்குனா வந்துருமுங்" - இது இன்னொருத்தி. திருகாணி எந்தப் பக்கம் சுத்துனா ஏறுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் சுத்துனா எறங்கும்லா, அது மாதிரி எதிர்ப்பக்கமாக் குலுக்கினா பிரிஞ்சு வந்துரும்னு அதோட கணக்கு. ரெண்டாவது விதிய இவ்வளவு அழகாத் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட ஒரு ஆள இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. இடப்பக்கம் குலுக்குதா, வலப்பக்கம் குலுக்குதா, தலைகீழாப் பிடிச்சுக் குலுக்குதா. பாட்டில் கை மாறுது. எல்லாருக்கும் ஒரு தடவ வேணும். சாந்தாமணி டீச்சர் "வரிசையா, சாமி, வரிசையா"ங்காவ, வரிசை எங்க இருக்கு. சஷ்மிதா கைக்குப் போச்சு, அவ குலுக்குன குலுக்குல, நான் மூடிய எத்தன தடவ இறுக்குனேனோ, அது எங்கேயோ பறந்து போயி, பருப்பும் உளுந்தும் மழையாட்டம் வகுப்பு முழுக்க. பெஞ்சு மேல, பைக்குள்ள, ஒருத்தன் சட்டைக் காலருக்குள்ள. அப்புறம் ஒரு கத்து கத்துச்சு பாருங்க வகுப்பு.

டீச்சர் முகம் செவந்து போச்சு. சஷ்மிதா உதட்டப் பிதுக்கிக்கிட்டு என்னப் பாக்கா, அழுவா, இன்னும் மூணு எண்ணுறதுக்குள்ள அழுதுருவா. எனக்கும் கோவம் தலைக்கு மேல வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஒரு பாட்டில் பருப்பு, பாலிடெக்னிக்ல ஒரு பய பிஸ்டனக் கீழ போட்டதுக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டடத்துலருந்து ஆளு வந்தாவ. தொண்டைக்குள்ள அந்தச் சத்தம் ஏறி நிக்கி. அப்பம் பாத்தா இசக்கி தலையத் தூக்கிருக்கா. நெத்தியில பெஞ்சு அழுந்துன கோடு. எம் மூஞ்சியத்தான் பாக்கா, எனக்கு எப்பம் வரும்னு அவளுக்குத் தெரியும்லா, கூடவே குடித்தனம் பண்ணுதவ. அந்தப் பார்வையில என்ன இருந்துச்சு, "எம்மா, வேண்டாம்"ன்னு இருந்துச்சு. நான் வாயத் தொறந்தேன். சிரிப்பு வந்துருச்சு. எதுக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியல, உண்டான பயமெல்லாம் சிரிப்பா வருது, நான் போர்டப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கேன், சஷ்மிதா அழுகைய மறந்துட்டு வாயப் பொளந்து பாக்கா. "இந்தா பாருங்க மக்கா"ன்னேன், மூச்சு வாங்குது, "இது தானா திரும்பி பாட்டிலுக்குள்ள போயிருமா?" கவினேஷ் தரையப் பாத்தான், நெசமாவே ஒரு நிமிசம் உத்துப் பாத்தான், போவுதான்னு. "போகலீங்"ன்னான், வருத்தமா. பின்ன எப்படிப் போவும்? அப்பம் கடைசிலருந்து ஒரு சத்தம், சின்னதா, ஆனா நல்லாக் கேட்டுச்சு: "யாராச்சும் உக்காந்து பொறுக்கணும்லா."

லா. சொல்லிட்டா. ரெண்டு மாசம் கழிச்சு இந்த வகுப்புல வாயத் தொறந்து, அதுவும் அந்த லா-வோட சொல்லிட்டா. நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், சிரிக்கப் போவுதுக, இந்தா சிரிக்கப் போவுதுக, சிரிச்சா நான் என்ன செய்யப் போறேன், இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிருவேன், வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். ஒருத்தரும் சிரிக்கல. சிரிக்க நேரமில்ல அதுகளுக்கு. பொறுக்கணும்னு காதுல விழுந்ததும் இருபத்தெட்டும் பெஞ்ச விட்டுத் தரையில எறங்கிருச்சு, குட்டிக் கையும் குட்டிக் காலுமா, டீச்சர் "யூனிபாரம், யூனிபாரம்"ங்காவ, அதெல்லாம் யாரு கேக்கா. கடைசி பெஞ்சுக்கு அடியிலதான் கூடுதலா உருண்டு கெடக்கு. சஷ்மிதா அங்கன தவழ்ந்து போயி இசக்கிட்ட சொல்லுதா, "நான் மஞ்ச எடுக்கறேன், நீ கருப்பு எடு, செரியா?" அவ்வளவுதான். இப்படி ஒரு நொடியில ஆவுற காரியத்துக்கா நான் இத்தன நாளு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். இசக்கி பெஞ்சுக்கு அடியில போயிட்டா, ரிப்பன் அவுந்து போச்சு, "ஏ, மெல்ல எடுட்டி, உருண்டுரும்லா"ன்னு அவ சொல்லுதா, அந்தப் பிள்ளை "மெல்லத்தான் எடுக்கறேம்லா"ங்குது. கேலியா? காதத் தீட்டிக்கிட்டு நிக்கேன். கேலி இல்ல. வேலை மும்முரத்துல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, சளி ஒட்டுதாப்புல. இன்னும் ஒரு வாரத்துல எம் மக "ஏனுங்"குவா, அந்தப் பிள்ளை "ஏட்டி"ங்கும். நல்லாருங்க மக்ளே, நல்லாருங்க.

நான் நடுவுல நின்னு பாக்கேன். ரெண்டு காகிதத்துல ரெண்டு குவியல் வளருது, மஞ்ச ஒண்ணு, கருப்பு ஒண்ணு, அவ்வளவு சுத்தமா. ஆனா வகுப்பப் பாக்கணுமே. பெஞ்செல்லாம் கோணல், ஷூ ஒருபக்கம் சாக்ஸ் ஒருபக்கம், எல்லா நெத்தியிலயும் வேர்வ, வகுப்பே புழுங்குது, சத்தம் காதக் கிழிக்கி. ரெண்டு கைப்பிடி பருப்ப ஒழுங்குபடுத்த ஒரு வகுப்பையே கலச்சுப்போட்டாச்சு. பதினாறு பக்கம் எழுதுனேன், இந்த ஒண்ணு அதுல இல்ல. ஒரு இடத்துல அடுக்கணும்னா ஆள் வேர்க்கணும், அந்தச் சூடு வெளிய போயி வேற எங்கயாச்சும் கலைக்கும், கூட்டிக் கழிச்சுப் பாத்தா கலைஞ்சதுதான் கூடுதல். வருசம் வருசமா போர்டுல என்ட்ரோபி கூடுததுக்கு டெல்டா எஸ்ஸுன்னு எழுதிப் போட்டது இந்தா வேர்வையோட தரையில தவழுது. கையத் தட்டி, "மக்கா, தானா விட்டா எல்லாம் கலஞ்சுதான் போவும், அடுக்கணும்னா யாராச்சும் பாடுபடணும், இதான் நான் படிச்ச படிப்பு மொத்தமும்"ன்னு சொன்னேன். கவினேஷ் முட்டு போட்டபடியே நிமிந்தான், ஏதோ பெரிய காரியம் பிடிபட்டவன் மாதிரி. "அப்ப எங்கம்மா தெனமும் எங்க ஊட்டுல பொறுக்கறாங்கல்ல மிஸ், அதுங்களா?" அதேதான்டா ராசா. "அதனாலதான் பொழுது சாஞ்சா கத்தறாங்களா?" சாந்தாமணி டீச்சர் வாயில கைய வச்சுக்கிட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அவ்வளவு நேரம் செவந்திருந்த முகம் அப்படியே மாறிப்போச்சு. "இவங்கம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிப் போடறேனுங் மேடம்"ங்காவ. சொல்லுங்க, அந்தம்மாவுக்குத்தான் இந்த விதி நல்லாத் தெரியும்.

பெல் அடிச்சுருச்சு. பிள்ளைக மூச்சு வாங்க எந்திரிச்சு, கைக்கு எட்டுன பெஞ்சுல எட்டுன ஆளுக்குப் பக்கத்துல விழுந்துச்சுக. பாத்தா, கடைசி பெஞ்சுல மூணு பேரு. நடுவுல இசக்கி, ஒரு பக்கம் சஷ்மிதா, இன்னொரு பக்கம் பல்லில்லாத கவினேஷ், பை தரையில கெடக்கு, மூணு தலையும் ஒட்டிக்கிட்டு ஏதோ குசுகுசுன்னு பேசுதுக. ரெண்டு பேர் பெஞ்சுல மூணு பேரு, முன்னால ஒரு பெஞ்சு காலி. நானும் எத்தனையோ நாளு இந்த ஒத்தப்படைக் கணக்கப் போட்டுப் பாத்தேன், இப்படி நெருக்கி உக்காரலாம்னு எம் மண்டையில உதிக்கவே இல்ல பாத்துக்கோங்க, பொறியியல் படிச்ச மண்ட. அதுக்குள்ள டீச்சர் ஸ்கேலத் தட்டிட்டாவ. "எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க சாமி." எனக்குத் திக்குன்னுச்சு. டீச்சர், வேண்டாம் டீச்சர்ன்னு கால்ல விழுந்துருவேன் போல இருக்கு, ஆனா என்னன்னு கேக்குறது, எந்த முறையில கேக்குறது, நான் வந்தவ, இது அவிய வகுப்பு. சஷ்மிதா பாதி எந்திரிச்சா. இசக்கி அவ பாவாடை நுனியப் பிடிச்சுக்கிட்டா. அப்பம் கவினேஷ் எந்திரிச்சு நின்னு, ரொம்ப மரியாதையா, "தானா எல்லாம் திரும்பிப் போகாதுங் மிஸ், இவங்கதான சொன்னாங்க"ன்னு என்னக் கைகாட்டுதான்.

டீச்சர் என்னப் பாக்காவ. இருபத்தொம்பது பேரும் என்னப் பாக்காவ. இப்பம் நான் பொய்யும் சொல்ல முடியாது, சின்னப் பிள்ளைகள்ட்ட படிச்ச பாடத்த மாத்திச் சொல்ல எனக்கு மனசு வராது. "போவும் டீச்சர்"ன்னேன், "ஆனா யாராச்சும் ஒருத்தர் நின்னு, ஒவ்வொருத்தராப் பிரிச்சு, கையப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோயி உக்கார வைக்கணும். நல்லாப் பாடுபடணும்." சாந்தாமணி டீச்சர் கோணிக் கெடக்க பெஞ்சுகளப் பாத்தாவ, பிள்ளைகளப் பாத்தாவ, கடைசி பெஞ்சுல அந்தப் பாவாடை நுனியையும் பாத்தாவ, நெசமாவே பாத்தாவ, நான் கண்டேன். ஸ்கேல மேசையில வச்சுட்டு நாற்காலியில உக்காந்தாவ. "இந்த வெய்யில்ல அத்தன பாடு என்னால ஆகாதுங் மேடம். இருக்கற எடத்துலயே இருக்கட்டுமுங்."

பருப்புக் காகிதத்த மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு, திரும்பி இசக்கிக்குக் கையக் காட்டுதேன், போய்ட்டு வாரேன்ட்டி. அவ பாக்கல. கவினேஷ் காலருக்குள்ள இன்னொரு உளுந்து கெடக்குன்னு ரெண்டு பேரும் அவன் கழுத்துக்குள்ள கைய விட்டுத் தேடுதாளுவ, அவன் கூச்சத்துல நெளியுறான். சன்னல் பக்கம் போயி மறுபடியும் காட்டுனேன், வளையல் குலுங்கக் காட்டுனேன். தினமும் காலையில கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, நான் தெருமுனை திரும்புற வரைக்கும் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு நிக்கிற பிள்ளை, இன்னைக்கு ஒரு தடவ நிமிந்து பாக்க நேரமில்ல. நான் இத்தன நாளு கேட்டுக்கிட்டுக் கெடந்தது இதத்தான், கெடச்சதும் ஏன் கண்ணு கலங்குது கோட்டிக்காரி, கேட்டுல காத்துக் கெடக்க ஆட்டோக்காரர் வேற பாக்காரு. மூணாவது தடவையும் கையக் காட்டுனேன், அவ பாக்கலன்னு நல்லா உறுதிப்படுத்திக்கிட்டு, அதுக்குப் பொறவுதான் ஆட்டோவுல ஏறுனேன்.